ஸ்டெப்னிக்கு மேலே இருந்த பெட்டி

கலூமெட், மிச்சிகன்
நவம்பர் 12, 2011

மதிப்பிற்குரிய வெர்னர் லாஹ்டி அவர்களுக்கு,

நானும் பதினோரு நாய்களும் இங்கே சுகம். தாங்களும் தங்கள் கப்பலும் சுகமென்று நம்புகிறேன். 'தாங்கள்' என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் பிப்ரவரி மாதத்திலிருந்து தனித்தனியாக இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் மரியாதையாவது மிஞ்சட்டும்.

முதலில் ஒரு நிபந்தனை. கப்பல் கரையோரம் வரும்போதெல்லாம் போன் செய்ய வேண்டாம். போனில் மூன்றாவது நிமிடமே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்விடுகின்றன. எழுதுங்கள். எழுதும்போது நீங்கள் கொஞ்சம் நல்ல மனிதர்.

விஷயம் இதுதான். பிக்கப் நேற்று மறுபடி நின்றுவிட்டது. மளிகைக்கடை வாசலில், பின்னால் கூண்டில் எட்டு நாய்கள் குரைத்துக்கொண்டிருக்க, ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. பெட்ரோல் முள் முக்காலில் நின்றது. மெக்கானிக் டெல்பர்ட்டைக் கூப்பிட்டு, கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கச் சொல்லி, "முக்கால்தாம்மா, நான் பாத்தாச்சு" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

சாட்சி எதற்கென்று தங்களுக்குத் தெரியும். போன ஜனவரியில், நாய்கள் பனியில் ஸ்லெட் வண்டியை இழுத்து ஓடும் மூஸ் க்ரீக் பந்தயத்துக்குப் போகும் வழியில் இதே வண்டி இதே மாதிரி நின்றது. நாற்பது மைல் மிச்சம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லா அணிகளும் காட்டுக்குள் போய் மறைந்திருந்தன. அன்றும் டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஆனால் தாங்கள் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "பதினோரு நாய்க்கும் மறக்காம சோறு வைப்பா, வண்டிக்கு மட்டும் ஊத்த மறந்துடுவா." மறுநாள் நம் வீட்டுத் தபால் பெட்டியில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்ரோல் கேன் தொங்கியது.

நான் வீட்டைவிட்டு வந்ததற்கு ஊரில் ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். வேறு பெண் இல்லை, குடி இல்லை, அடி இல்லை. நான் சொன்னதைத் தாங்கள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை பந்தயம் ஜனவரி ஏழு. பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் அடுத்தடுத்துத் தொடக்கக் கோட்டுக்கு வராதவர்களை மூன்றாம் வருடம் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. ஆகவே ஒரே கேள்வி: இந்த வண்டி நின்றபோதெல்லாம் தாங்கள் என்ன செய்து கிளப்பினீர்கள்?

இப்படிக்கு,
வியெனோ

*

'எட்னா மோர்லாண்ட்' கப்பல்
டெட்ராய்ட் ஆறு
நவம்பர் 19

அன்பு வியெனோ,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றே நினைத்தேன். தபால் படகிலிருந்து மேலே இழுத்த வாளியை அப்படியே ஆற்றில் விட்டிருப்பேன். சமையல்காரன் லூ பிடித்துக்கொண்டான். "பிரிச்சுப் பாருப்பா, வக்கீலுங்க இவ்வளவு குண்டுகுண்டா எழுத மாட்டாங்க" என்றான். உன் கையெழுத்தைக் கிண்டல் செய்கிறான். நான் சண்டைக்குப் போனேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி வண்டி. பதினேழு வருடமாகக் கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் குடித்து வாழ்கிறவன் சொல்கிறேன்: பம்ப் சாகப் போகிறது. டேங்குக்குள்ளே இருக்கும் பெட்ரோல் பம்ப். சீட்டுக்கு அடியில் ரப்பர் சுத்தியல் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கின் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டு. தூங்குகிற பம்ப் விழித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மஞ்சள் பாட்டில் மருந்து ஒன்றை டேங்கில் ஊற்று. நம் ஊர் குளிரில் பாதி நோய் பெட்ரோலில் இருக்கும் தண்ணீர் உறைவதால்தான்.

டெல்பர்ட்டிடம் புது பம்ப் ஒன்று வரவழைக்கச் சொல்லி எழுதிவிட்டேன். கப்பல் ஜனவரி பதினைந்தில் குளிர்கால ஓய்வுக்கு நிற்கும். பதினாறாம் தேதி வந்து, நாலு பேரை வைத்துச் சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டியைத் தூக்கி, நானே மாற்றித் தருகிறேன். அதுவரை தூரப் பயணம் வேண்டாம். பந்தயம் எங்கே போய்விடும்? அடுத்த வருடமும் வரும்.

இன்னொன்று, கோபப்படாதே: அந்த மீட்டர் முள்ளை நம்பாதே. முக்கால் என்று காட்டும், உள்ளே காலியாக இருக்கும்.

குயினி, ஹெட்மாஸ்டர் இரண்டு நாய்களுக்கும் காதைச் சொறிந்துவிடு.

என்றும் உன்,
வெர்னர்

*

கலூமெட்
நவம்பர் 27

வெர்னர்,

'தாங்கள்' போயாச்சு, சந்தோஷமா? கோபத்தில் எழுதும்போது மரியாதை கையில் நிற்கவில்லை.

"அடுத்த வருடமும் வரும்." இதை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை உன் கடிதத்தை நாய்ப்பட்டிக்குள் போட்டேன். ஹெட்மாஸ்டர் ஒரு மூலையைத் தின்றது, பிறகு துப்பிவிட்டது. அதற்கும் பிடிக்கவில்லை.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். மஞ்சள் பாட்டில் ஒன்றில்லை, ஆறு ஊற்றினேன். நான் ஊற்றுவதைப் பார்த்த ஒவ்வொருவரும் "இன்னொண்ணு ஊத்துங்க" என்றார்கள். இப்போது அந்த டேங்கில் பெட்ரோலைவிட மருந்துதான் அதிகம். சுத்தியலைக் காணவில்லை, ஹாக்கி மட்டையால் தட்டினேன். ஒரு நாள் கிளம்பியது, மறுநாள் கிளம்பவில்லை, மூன்றாம் நாள் தட்டுவதற்கு முன்பே கிளம்பியது. இதுவா வைத்தியம்?

டெல்பர்ட்டைப் பிடிக்க முடியவில்லை. நவம்பர் பதினைந்து பிறந்ததும் கடையைப் பூட்டி, 'மான் சுடப் போயிருக்கிறேன்' என்று அட்டை மாட்டிவிட்டுக் காட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. இந்த ஊரில் மான் வேட்டை மாதத்தில் வண்டி நின்றால் அது நம் தலையெழுத்து. அப்போதுதான் பள்ளிக்கூடத்து ஒர்க்‌ஷாப் டீச்சர் ஸ்டிமாக் நினைவுக்கு வந்தார். கோடைக்காலத்தில் என்னிடம் நாய்க்குட்டி வாங்கினாரே, அவர்தான். போன் செய்த அரை மணியில் பழுது படிக்கும் கருவியோடு வந்துவிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். ஒரு எண் வந்தது. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"இந்தாம்மா, இந்த வண்டியோட மூளை நேரா பம்புக்குக் கரண்ட் அனுப்பாது. நடுவுல ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்கு. மூளை பெட்டிகிட்ட சொல்லும், பெட்டி பம்பை ஓட்டும். இப்ப மூளை கூப்பிடுது, பெட்டி பதிலே பேசல."

"எங்க வீட்டுக்காரர் மாதிரியா?"

"அச்சு அசல்!"

வெர்னர், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பத்து மாதமாக எல்லோரும் என்னைக் குற்றம் சொன்ன இடத்தில் முதல் தடவையாக ஒரு எண் நிற்கிறது. இன்னும் முடிவாகவில்லை. பெட்டியா, ஒயரா, பம்பேதானா என்று தேடிப் பார்க்க வேண்டுமாம். ஃப்யூஸ் பார்த்தோம், சரியாக இருக்கிறது. வண்டி மோதினால் பெட்ரோலை நிறுத்துகிற பட்டன் பார்த்தோம், சரியாக இருக்கிறது. சாவியைத் திருப்பி டேங்கின் பக்கம் காதை வைத்தேன். இரண்டு விநாடி 'ம்ம்' என்று சத்தம் வர வேண்டுமாம். ஒரு முனகல்கூட இல்லை.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? பின்னால், ஸ்டெப்னிக்கு மேலே, சேசி என்கிற அடிச்சட்டத்தில். பதினேழு வருடம் எண்ணெய் குடித்தவருக்கு இது தெரியுமோ தெரியாதோ என்று எழுதுகிறேன்.

வியெனோ

*

'எட்னா மோர்லாண்ட்'
டிசம்பர் 3

அன்பு வியெனோ,

தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். எங்கள் எஞ்சினுக்குள் ஆள் நடந்து போகலாம், அதில் இப்படி ஒளிந்து விளையாடும் பெட்டிகள் கிடையாது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தது என் தப்பு. கப்பல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. டெக் ஆட்கள் எல்லாம் பம்ப் கட்சி. எஞ்சின் அறையில் பாதிப் பேர் பெட்டி கட்சி. சீஃப் இன்ஜினியர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா லாஹ்டி, உன் பொண்டாட்டி கருவி வெச்சுப் பாத்து சொல்றா. நீ ஐநூறு மைலுக்கு அந்தாண்ட உக்காந்து சுத்தியலால தட்டுங்கற. யார நம்பச் சொல்ற?" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். லூ எனக்கு மட்டும் ஆப்பிள் பை தரவில்லை.

ஆனாலும் நான் பம்ப் கட்சிதான். ஒரு சோதனை சொல்கிறேன், இதோடு வழக்கு முடிந்துவிடும். டேங்கிலிருந்து வருகிற பம்ப் இணைப்பைக் கழற்று. பேட்டரியிலிருந்து நீளமாக இரண்டு ஒயர் எடுத்து நேராக பம்புக்குக் கொடு. முதலில் பம்ப் பக்கம் மாட்டு, கடைசியாகத்தான் பேட்டரியைத் தொடு. பொறி பறந்தால் டேங்கைவிட்டுத் தள்ளிப் பறக்கட்டும். ஒரு விநாடி போதும். பம்ப் ஓடாது. ஓடினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

அந்தப் பெட்டியைக் கழற்றும்போது போல்ட் துரு பிடித்திருக்கும். தயவுசெய்து நெருப்பு வைத்துச் சூடு காட்டாதே. பக்கத்தில் டேங்க். எனக்கு இங்கே தூக்கம் வராது.

நாலு நாளாகப் பெரும் காற்று. ஏரி வெள்ளையாக நுரைக்கிறது. வாளி வரும் நாளைக் கணக்குப் பார்க்கிறேன். உன் கடிதம் வந்தால் நான் படிப்பதற்கு முன்னால் ஆறு பேர் "பம்பா, பெட்டியா?" என்று கேட்கிறார்கள். எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. பிறகு கேட்கிறேன்.

என்றும்,
வெர்னர்

*

கலூமெட்
டிசம்பர் 10

வெர்னர்!

ஓடியது! ஓடியது! ஓடியது!

மீசையை எடு!

முறையாகச் சொல்கிறேன், இரு. இன்று காலை பத்து மணி. ஸ்டிமாக் டீச்சர் பனியில் தார்ப்பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நான் பேட்டரி பக்கத்தில் ஒயரோடு நிற்கிறேன். "தொடும்மா" என்றார். தொட்டேன். அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று கணீரென்று ஒரு சத்தம். டீச்சர் உள்ளேயிருந்தே கைதட்டினார். குயினி மூக்கைத் தூக்கி ஊளையிட்டது, மற்ற பத்தும் சேர்ந்துகொண்டன. நானும் ஊளையிட்டேன், வெர்னர், பொய் சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆள் வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பம்ப் நல்ல பம்ப். பெட்டிக்கு வருகிற ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்தோம், பளிச்சென்று எரிந்தது. எர்த் சரியாக இருந்தது. உள்ளே போகிற கரண்ட் இருக்கிறது, வெளியே வருவது இல்லை. பிறகென்ன, பெட்டிதான்!

சந்தோஷத்தில் அப்படியே ஸ்டெப்னியை இறக்கப் போனோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பம்பர் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால் டயர் தொங்கும் கேபிள் மூன்று சுற்றுக்கு மேல் நகரவில்லை. துரு பிடித்து இறுகிவிட்டது. துரு எண்ணெய் ஊற்றினோம், சுற்றினோம், தொங்கினோம், டீச்சர் எனக்குத் தெரியாத மொழியில் திட்டினார். கடைசியில் கம்பி வெட்டும் பெரிய கத்தரியால் கேபிளையே நறுக்கினோம். டயர் தொம்மென்று விழுந்ததில் ஹெட்மாஸ்டர் கூரை மேல் ஏறிவிட்டது. அது எப்படி ஏறியதென்று இன்னும் தெரியவில்லை, இறக்க ஏணி வைத்தேன்.

பெட்டி என் உள்ளங்கை அளவுதான். இரண்டு போல்ட். ஒன்று கழன்றது, ஒன்று தலை முறிந்தது. சேசி இரும்பு, பெட்டியின் முதுகு அலுமினியம். இரண்டும் ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, முதுகு உப்பி வெடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து, ஈரமான நாளெல்லாம் பெட்டி செத்து, காய்ந்த நாளெல்லாம் பிழைத்திருக்கிறது. போன ஜனவரியில் அந்த நாற்பது மைலில் உருகிய பனி நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும், நான்தானே நின்றேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. டீச்சர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்தார். "இருபது வருஷ வண்டியிலகூட இவ்வளவு மோசமா நான் பாத்ததில்ல. ரோட்டு உப்பு கீழேருந்து தெறிக்கும். இது மேலேருந்து வடிஞ்சிருக்கு பாரு, கோடு கோடா" என்றார்.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. தோன்றாவிட்டாலும் எழுது.

புதுப் பெட்டி மார்க்கெட் என்ற நகரத்திலிருந்து வர வேண்டும். சாலை பனியில் மூடிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் வருமா, பிறகு வருமா, ஏழாம் தேதிக்குப் பிறகு வருமா, ஒன்றும் தெரியாது. தினமும் சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வியெனோ

*

'எட்னா மோர்லாண்ட்'
டிசம்பர் 18

அன்பு வியெனோ,

மீசை போய்விட்டது. சீஃப் தலைமை தாங்க, லூ சவரம் செய்தான். உதட்டுக்கு மேல் குளிர்கிறது. பெட்டி கட்சிக்காரர்கள் கப்பல் ஊதலை அடிக்கச் சொன்னார்கள், கேப்டன் மறுத்துவிட்டார்.

இனி சிரிப்பு இல்லை. மேலேயிருந்து வடிந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் கடிதம் எழுதாமல் இருந்தேன். 'ரோட்டு உப்புதான், வேறென்ன' என்று ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, பையில் வைத்து, பிறகு கிழித்தேன்.

பனிக்காலத்தில் பின்பக்கம் வழுக்காமலிருக்க எல்லோரும் வண்டித் தொட்டியில் மணல் மூட்டை போடுவார்கள். நம் வண்டியிலும் எட்டு மூட்டை கிடந்தது. மணல் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அது மணல் இல்லை. கிளீவ்லாண்டிலிருந்து சாலைக்குப் போடும் உப்பைக் கப்பலில் ஏற்றிப் போவோமே, இறக்கிய பிறகு அடித்தளத்தில் மிஞ்சுவதைக் கூட்டி அள்ளுவது எங்கள் வேலை. எறிகிற உப்புதானே, கனம் கனம்தானே என்று மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு குளிர்காலம் வைத்திருந்தேன். பெரிய புத்திசாலி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முதல் வசந்தத்தில் ஒரு மூட்டை கிழிந்து கிடந்தது. தொட்டி முழுக்க உப்பு. குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். உப்புத் தண்ணீர் தொட்டி ஓட்டைகள் வழியாக எங்கே போயிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நேராக ஸ்டெப்னி மேல், அந்தப் பெட்டி மேல்.

ஆக, வியெனோ, உன் வண்டியை நாற்பது மைல் முன்னால் நிறுத்தியது நான். உன் பந்தயத்தைக் கெடுத்தது நான். கெடுத்துவிட்டு, மதுக்கடையில் நின்று உன்னை வைத்து ஊரையே சிரிக்க வைத்ததும் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரிந்தால் எழுதியிருப்பேன்.

டெல்பர்ட்டுக்கு ஒரு கடிதம் தனியாக அனுப்பியிருக்கிறேன். மதுக்கடையில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். மீசை விஷயம் உட்பட.

புதுப் பெட்டி வந்தால் சேசியோடு ஒட்ட வைக்காதே. நடுவில் காற்று போக இடம் விட்டு, முட்டுக் கொடுத்து மாட்டு. இணைப்பில் கிரீஸ் தடவு. தொட்டியை வெந்நீரால் நன்றாகக் கழுவு, மூட்டை எதையும் திரும்ப ஏற்றாதே.

கேட்க வேண்டும் என்றேனே, அது இதுதான். பதினாறாம் தேதி நான் வீட்டுக்கு வரட்டுமா? என் வீட்டுக்கு இல்லை, நீ இருக்கும் வீட்டுக்கு.

வெர்னர்

*

'எட்னா மோர்லாண்ட்'
ஜனவரி 2, 2012

அன்பு வியெனோ,

இன்று வாளி வந்தது. லூவுக்கு மூன்று கடிதம், சீஃபுக்கு ஒரு பொட்டலம் நிசு என்கிற இனிப்பு ரொட்டி, ஏலக்காய் வாசனை கப்பல் முழுக்க. எனக்கு ஒன்றுமில்லை. வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

யாரும் "பம்பா, பெட்டியா?" என்று கேட்பதில்லை இப்போது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள்.

பதில் வேண்டாம் என்றால் வேண்டாம். பெட்டி வந்ததா என்று மட்டும் ஒரு வரி. நீ தொடக்கக் கோட்டில் நின்றாய் என்று தெரிந்தால் போதும். பத்தாம் தேதிக்குப் பிறகு ஸ்டர்ஜன் பே கப்பல்துறை முகவரிக்கு எழுது.

வெர்னர்

*

மூஸ் க்ரீக்
ஜனவரி 8, 2012

அன்பு வெர்னர்,

முகவரியைப் பார். மூஸ் க்ரீக்! இந்தக் கடிதத்தை இங்கேயிருந்து எழுதத்தான் இத்தனை நாள் பேனாவையே தொடவில்லை. வழியில் நின்றுபோனால் எங்கேயிருந்து எழுதுவேன், சாலையோரத்திலிருந்தா? அந்த மாதிரி ஒரு கடிதம் உனக்கு எழுத எனக்கு மனமில்லை.

பெட்டி டிசம்பர் முப்பதில்தான் வந்தது. பனி அள்ளும் லாரிக்காரர் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுத்துவிட்டோம். முட்டுக் கொடுக்க என்ன செய்வதென்று யோசித்து, டீச்சர் ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் 'பக்' வட்டு ஒன்றைத் துண்டு போட்டு நடுவில் வைத்தார். கட்டை ரப்பர், நம் ஆயுளுக்கும் தாங்கும். சாவியைத் திருப்பினேன். 'ம்ம்' என்றது. அடுத்த விநாடி எஞ்சின் பிடித்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். டீச்சர் கண்ணாடியைத் தட்டி, "அப்புறமா அழும்மா, ஹீட்டரைப் போடு, கை வெறைக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நானும் நாய்களும் கிளம்பினோம். நூற்றெண்பது மைல், ஈரப் பனி, வழி முழுக்க. போன வருடம் நின்ற அந்த இடம் வந்தபோது எனக்கு மூச்சு நின்றது. வண்டி நிற்கவில்லை. தாண்டிய பிறகு ஹாரன் அடித்தேன், ஒரு மைல் தூரத்துக்கு அடித்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் என்னவோ ஏதோ என்று ஒதுங்கினார்கள்.

நேற்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. இருபத்திரண்டு அணிகள், என் எண் பதினான்கு. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணும்போது நாய்கள் கயிற்றை இழுத்துத் துள்ளுகின்றன, ஸ்லெட்டைப் பிடிக்க நாலு பேர் போதவில்லை. "போ" என்றதும் குயினி அம்பாகப் பாய்ந்தது. வெர்னர், எப்படிச் சொல்வேன்? முதல் வளைவு தாண்டியதும் ஆள் சத்தம் இல்லை, பனியைக் கிழிக்கிற சத்தமும் எட்டு நாய்களின் மூச்சும் மட்டும்தான். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், பல்லெல்லாம் குளிர்ந்து வலித்தது. ஏரி மேல் ஹெட்மாஸ்டர் ஒரு நரியைப் பார்த்துத் தடம் மாறியதில் மூன்று நிமிடம் போனது. இல்லாவிட்டால் ஏழாவது. ஒன்பதாவது வந்தேன். ஒன்பதாவது! முதல் பத்துப் பேருக்கு மார்ச் மாதப் பெரிய பந்தயத்தில் இடம் உண்டு.

இனி உப்பு.

எனக்குத் தெரியும். செப்டம்பரில் நாய்க்கூண்டு வைக்கத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது, ஹெட்மாஸ்டர் ஒரு மூலையை விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது. நாய் மணலை நக்குமா? நானும் விரலை வைத்து நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் பத்தாம் தேதி டீச்சர் "மேலேருந்து வடிஞ்சிருக்கு" என்றாரே, அந்த நிமிடமே புரிந்துவிட்டது. டீச்சர் "நேரா எழுதிக் கேளு" என்றார். நான் மாட்டேன் என்றேன். நான் கேட்டு நீ ஒப்புக்கொண்டால் எனக்கு என்ன கிடைக்கும்? பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்தாயிற்று. உன்னைப் பற்றித்தான் தெரிய வேண்டியிருந்தது, அதனால்தான் 'புரியவில்லை' என்று எழுதினேன்.

உன் கடிதம் வந்த அன்று டெல்பர்ட் என்னையும் மதுக்கடைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஏறி நின்று உன் கடிதத்தை முழுசாகப் படித்தார். மீசைக்கு எல்லோரும் சிரித்தார்கள். உப்புக்கு யாரும் சிரிக்கவில்லை. படித்து முடித்ததும் ஒருவர் என்னிடம் வந்து, "அந்த கேனைத் தொங்கவிட்டது நான்தான், மன்னிச்சுக்கம்மா" என்றார். யாரென்று எழுத மாட்டேன், உன் நண்பர்.

பதினாறாம் தேதி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வெர்னர், உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் தீரவில்லை. ஒரு வருடக் கோபம் ஒரு கடிதத்தில் தீராது. ஆனால் எனக்கு இப்போது ஒரு வேலையாள் அவசரமாக வேண்டும். மார்ச் வரை. நாய்களுக்கு இறைச்சி வெட்ட வேண்டும், பட்டியில் கழிவு அள்ள வேண்டும், பந்தயம் தொடங்கும்போது ஸ்லெட்டைப் பிடிக்க வேண்டும். தங்க இடம் உண்டு, அடுப்புக்குப் பக்கத்து அறை. புருஷன் வேலைக்கு இப்போதைக்கு ஆள் எடுப்பதில்லை. மார்ச் பந்தயம் முடிந்த பிறகு பார்க்கலாம்.

சம்மதமென்றால், பதினாறாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு ஹான்காக் பஸ் நிலையத்தில் இருப்பேன். டேங்கை நிரப்பிக்கொண்டுதான் வருவேன். வண்டியை நான் ஓட்டுவேன், ஹெட்மாஸ்டர் உன் மடியில் உட்காரும்.

அன்புடன்,
வியெனோ